கிரெடென்ஷியல் கார்ட் போடுவதற்கு முன் தோட்டத்து ஆபீஸில் எதைச் சோதிக்க வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வியின் சாரம் இது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றுக்கு நீங்கள்தான் கணினி பார்க்கிறீர்கள். எல்லாக் கணக்குகளையும் மெஷின்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. விண்டோஸ் 11 என்டர்பிரைஸுக்கு மாறும் எல்லா மெஷினிலும் அடுத்த மாதம் கிரெடென்ஷியல் கார்ட் (Credential Guard), அதாவது நுழைவு ரகசியங்களுக்குக் காவல் வைக்கும் விண்டோஸ் வசதி, போடச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன், நம்மிடம் ஓடும் மென்பொருட்களோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி உங்களிடம் கேட்டிருக்கிறார்கள். எதை, எப்படி, எவ்வளவு காலம் சோதிப்பது என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடுங்கள், கட்டாயம் போடுங்கள். ஆனால் பூட்டு இல்லாமல் போடுங்கள், அதாவது பிறகு தூரத்திலிருந்தே அணைக்க முடிகிற விதத்தில். ஒரு முழுச் சம்பள மாதம் ஓடி முடியும்வரை பூட்டின் பக்கம் போகவே வேண்டாம். இன்னொன்று, சோதனை என்பது அதைப் போட்ட பிறகு தொடங்கும் வேலை என்று நினைக்காதீர்கள். உங்கள் இடத்தில் யார், எதற்குள், எந்த வழியாக நுழைகிறார்கள் என்பதைப் பதிவுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வதிலேயே முக்கால்வாசிச் சோதனை முடிந்துவிடும்.

இது என்ன செய்கிறது என்று தொரையும் (தோட்ட மேனேஜர்) கேட்பார், தலைமைக் கிளார்க்கும் கேட்பார். அதனால் கொஞ்சம் விளக்கி வைக்கிறேன். ஒரு மெஷினில் டொமைன் கணக்கால் உள்ளே போனதும், கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட என்டிஎல்எம் ஹாஷும் கெர்பரோஸ் டிக்கெட்டும் (இரண்டும் ஆளை அடையாளம் காட்ட விண்டோஸ் பயன்படுத்தும் சான்றுகள்) எல்எஸ்ஏஎஸ்எஸ் என்ற புரோசஸின் நினைவகத்தில் போய் உட்காருகின்றன. அந்த மெஷினில் அட்மின் உரிமை கிடைத்த எவரும் மிமிகாட்ஸ் மாதிரி ஒரு கருவியை வைத்து அதை உருவிவிடலாம். கடவுச்சொல் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. அந்த ஹாஷைக் காட்டினாலே அடுத்த மெஷின் திறந்துவிடும்.

நம் பக்கத்து நிலைமையில் இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஆள் எல்லாத் தோட்டத்துக்கும் போய்வருகிறார். பெக்டரியில் பிரின்டர் நின்றுவிட்டால் அங்கே ஒரு முறை, டிவிஷன் ஆபீஸில் ஆன்டிவைரஸ் புதுப்பிக்க ஒரு முறை என்று டொமைன் அட்மின் கணக்காலேயே உள்ளே போகிறார். போன இடத்திலெல்லாம் அந்தக் கணக்கின் ஹாஷ் அந்த மெஷினின் நினைவகத்தில் ஏறுகிறது. அவற்றில் எந்த மெஷினிலாவது ஒரு கெட்ட யுஎஸ்பி செருகப்பட்டிருந்தால், அங்கிருந்து கொழும்புச் சம்பள சேர்வர்வரை போக வழி கிடைத்துவிடும். அந்தச் சேர்வரில் என்ன இருக்கிறது? ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) விவரம். இவற்றைப் பத்திரமாக வைத்திருப்பதைக் கம்பனியின் கடமையாக 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எழுதி வைத்திருக்கிறது. கொழுந்து எடுக்கும் ஓர் அம்மாவுக்குத் தன் விவரம் எந்த மெஷினில் இருக்கிறது என்றே தெரியாது. அவருக்காக அதைக் காக்க வேண்டியது நம் வேலை.

கிரெடென்ஷியல் கார்ட் இந்த ரகசியங்களை விண்டோஸின் கைக்கே எட்டாத இடத்துக்கு மாற்றுகிறது. விண்டோஸுக்கும் அடியில் ஓடும் ஹைப்பர்-வி ஹைப்பர்வைசர், நினைவகத்தில் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்துவிடும். அங்கே எல்எஸ்ஏஐஎஸ்ஓ என்ற தனி புரோசஸ் ஓடும். ஹாஷும் டிக்கெட் சாவியும் அதனிடம் இருக்கும். வழக்கமான எல்எஸ்ஏஎஸ்எஸ் அதனிடம் வேலையைக் கொடுத்து விடையை மட்டும் வாங்கிக்கொள்ளும். ரகசியத்தைப் பார்க்க அதற்கே அனுமதி இல்லை. தோட்டத்து ஆபீஸில் இரும்புப் பெட்டியின் சாவி தொரையிடம் இருக்க, பணத்தை மட்டும் கிளார்க் எண்ணி வாங்கிக் கொடுப்பாரே, அப்படித்தான். 2015இல் விண்டோஸ் 10 என்டர்பிரைஸோடு வந்தது, அடுத்து விண்டோஸ் சேர்வர் 2016இலும் சேர்ந்தது.

எல்லாவற்றையும் இது காப்பாற்றாது என்பதையும் கொழும்புக்குத் தெளிவாக எழுதுங்கள். மெஷினிலேயே உருவாக்கிய லோக்கல் கணக்குகள், மைக்ரோசாஃப்ட் கணக்குகள், கீபோர்டில் தட்டுவதைத் திருடும் மென்பொருள் ஆகிய எதற்கும் இது மருந்து அல்ல. டொமைனை நடத்தும் சேர்வரான டொமைன் கன்ட்ரோலரில் இதைப் போடவே கூடாது. அங்கே பாதுகாப்பு ஒன்றும் அதிகமாகாது, தொல்லைதான் அதிகமாகும்.

சரி, சோதனைக்கு வருவோம். முதல் வேலை, உங்கள் மெஷின்களில் ஏற்கெனவே அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. விண்டோஸ் 11 இன் 22எச்2 பதிப்பிலிருந்து, டொமைனில் சேர்ந்த என்டர்பிரைஸ் மற்றும் எஜுகேஷன் மெஷின்களில், வன்பொருள் தகுதி இருந்தால், யாரும் கேட்காமலேயே அது ஓடத் தொடங்கிவிடும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால் எல்லோரும் அவசர அவசரமாக மாறினார்கள். மாறிய மறுநாள் "வைஃபை வேலை செய்யவில்லை" என்று அழைப்பு வரும். டிரைவரை மாற்றுவார்கள், ரௌட்டரை மாற்றுவார்கள். காரணம் இதுவாக இருக்கும்.

டொமைனிலிருந்து எல்லா மெஷினுக்கும் அமைப்புகளைத் தரும் குரூப் பாலிசியில் "நாட் கான்ஃபிகர்ட்" என்று விட்டிருந்தால் அணைத்ததாக அர்த்தம் இல்லை. புதிய பதிப்பில் அதற்கு "தகுதி இருந்தால் போட்டுக்கொள்" என்றுதான் பொருள். சோதனை முடியும்வரை வேண்டாம் என்றால் "டிசேபிள்ட்" என்று வெளிப்படையாகவே குறித்துவிட்டு, அதன் பிறகு விண்டோஸை மேம்படுத்துங்கள். முன்பே அப்படிக் குறித்திருந்தால் மேம்படுத்தும்போது அது மீறப்படாது.

ஓடுகிறதா என்று பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, வர்ச்சுவலைசேஷன் சார்ந்த பாதுகாப்பு பற்றிய வரிகளுக்குப் போங்கள். அங்கே "கான்ஃபிகர்ட்" என்று ஒரு வரி, "ரன்னிங்" என்று ஒரு வரி. இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம். முதல் வரியில் கிரெடென்ஷியல் கார்ட் இருந்து இரண்டாவதில் இல்லாவிட்டால், போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கை மட்டும்தான் அங்கே இருக்கிறது. நிறைய மெஷின் என்றால் பவர்ஷெல்லில் டிவைஸ் கார்ட் வகுப்பைக் கேட்டு, ஓடும் பாதுகாப்புச் சேவைகளின் எண்களை எடுங்கள். 1 என்றால் கிரெடென்ஷியல் கார்ட். 2 என்பது மெமரி இன்டெக்ரிட்டி, அது வேறு. டாஸ்க் மேனேஜரில் எல்எஸ்ஏஐஎஸ்ஓ தெரிகிறதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டாம், மைக்ரோசாஃப்டே அந்த வழியைப் பரிந்துரைப்பதில்லை. சிஸ்டம் பதிவேட்டில் வின்இனிட் எழுதும் 13ஆம் நிகழ்வு அது தொடங்கியதைச் சொல்லும். 15ஆம் நிகழ்வு, அமைத்திருந்தும் பாதுகாப்பான கெர்னல் ஓடவில்லை என்று சொல்லும். நம் பக்கத்தில் இந்த 15 நிறையவே வரும். பயாஸில் வர்ச்சுவலைசேஷன் அணைந்து கிடக்கும், அல்லது பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டிருப்பார்கள்.

வன்பொருளுக்கு வேண்டியவை இவைதான்: 64 பிட் செயலி, இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி, கூடவே இரண்டாம் நிலை முகவரி மாற்றம், செக்யூர் பூட். டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இருந்தால் இன்னும் நல்லது. முறையாக விண்டோஸ் 11க்குத் தகுதி பெற்ற மெஷின் என்றால் இவை இருக்கும். தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்ட பழைய மெஷின்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். லெகசியிலிருந்து புதிய பூட் முறையான யூஇஎஃப்ஐக்கு மாற்ற, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி போதும். ஆனால் பயாஸில் எதைத் தொடுவதற்கு முன்பும் டிஸ்க்கைக் குறியாக்கும் பிட்லாக்கரை இடைநிறுத்தி, மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சாவி கொழும்பில், மெஷின் மஸ்கெலியாவில், நடுவில் லைன் இல்லை என்ற நிலை யாருக்கும் வரக்கூடாது. அப்புறம் உரிமம். இது என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கானது. டிவிஷன் ஆபீஸ்களில் புரோ பதிப்பு ஓடினால் அவை இந்தக் கணக்கில் வராது.

இனி உண்மையான விஷயம். எது வேலை செய்யாமல் போகும்?

வைஃபையில் தொடங்குகிறேன், ஏனென்றால் புகார் முதலில் வருவது அங்கிருந்துதான். பங்களா ஆபீஸில் ரௌட்டருக்கு ஒரே கடவுச்சொல், அதையே எல்லோரும் போடுகிறார்கள் என்றால் பயமில்லை, அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் டொமைன் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்து அவற்றைச் சரிபார்க்கும் ரேடியஸ் சேர்வர் மூலம் இணைகிற ஏற்பாடு இருந்தால், அது பெரும்பாலும் பீப் எம்எஸ்-சாப் வி2 என்ற கடவுச்சொல் முறையாக இருக்கும். விண்டோஸில் நுழைந்த அதே கடவுச்சொல்லைத் தானாக எடுத்து வைஃபைக்குக் கொடுக்கிற வேலை அங்கே நின்றுவிடும். கிரெடென்ஷியல் கார்ட் அதைக் கொடுக்க மறுக்கும். விபிஎன்னும் அதே முறையில் என்றால் அதே கதைதான். கையால் தட்டினால் இணையும், ஆனால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டும்.

இதற்குச் சரியான தீர்வு சர்ட்டிபிகேட்டுக்கு மாறுவது, அதாவது ஈஏபி-டிஎல்எஸ். அதை முன்பே செய்துவிட வேண்டும், வரிசை மாறக்கூடாது. மெஷின் சர்ட்டிபிகேட்டை வாங்க டொமைனோடு பேச வேண்டும். வைஃபை படுத்த பிறகு எப்படிப் பேசும்? எனவே லேப்டாப்புகளை வயரில் இணைத்து, சர்ட்டிபிகேட் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, வைஃபையை மாற்றி, கடைசியாகத்தான் கார்டைப் போட வேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயம் நிறையப் பேரை அலைக்கழிக்கும். பெக்டரிகளில் இருக்கும் பழைய மெஷின்களில் மதர்போர்டு பற்றரி செத்திருக்கும். இடி மின்னலில் கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். சர்ட்டிபிகேட்டின் திகதி பொருந்தாது, இணையாது. கெர்பரோஸும் வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுத்துக்கொள்ளாது. பழியெல்லாம் கிரெடென்ஷியல் கார்ட் மேல் விழும். சோதனைக்கு எடுக்கும் மெஷினில் முதலில் அந்தச் சின்ன வட்ட பற்றரியை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ரிமோட் டெஸ்க்டாப். கொழும்பிலுள்ள கணக்கு சேர்வரைத் திறக்க, தோட்டத்துக் கிளார்க்குகள் கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருப்பார்கள். கார்டு வந்த பிறகு, சேமித்த விண்டோஸ் கடவுச்சொல்லை அது அனுப்பாது. தினமும் தட்ட வேண்டும். ஒத்துப்போகாத கோளாறு இது இல்லை, இப்படி நடக்க வேண்டும் என்றே செய்தது. ஆனால் அந்த இடத்தில் கிளார்க்கின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். காலையில் கொழுந்துக் கணக்கு ஏற்ற வேண்டும், பெக்டரியிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது, லைன் அடிக்கடி அறுகிறது. ஒவ்வொரு முறை அறுந்து திரும்ப இணையும்போதும் நீளமான கடவுச்சொல். இரண்டாம் நாள் அது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டு கீபோர்டுக்கு அடியில் போய்விடும். அப்படி நடந்தால் நாம் காக்க நினைத்ததைவிட மோசமான இடத்துக்கு அது போய்விட்டது. அதனால் இந்த மாற்றத்தை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லுங்கள். கடவுச்சொல்லை நினைவில் நிற்கிற ஒரு வாக்கியமாக மாற்ற உதவுங்கள். முடிந்தால் தலைமை அலுவலகத்திடம் அந்த மென்பொருளுக்கு வேறு வழி கேளுங்கள்.

மூன்றாவது, பழைய அடையாள முறைகள். என்டிஎல்எம் முதல் பதிப்பு, எம்எஸ்-சாப் வி2, டைஜஸ்ட், கிரெட்எஸ்எஸ்பி ஆகியவை நீங்கள் விண்டோஸில் நுழைந்த கணக்கை இனிமேல் தாமாக எடுத்துப் பயன்படுத்த முடியாது. கேட்டு வாங்கினால் வேலை செய்யலாம், ஆனால் அப்படிக் கொடுத்த கடவுச்சொல்லுக்குப் பாதுகாப்பு இல்லை. கெர்பரோஸில் டெஸ் என்ற பழைய குறியாக்கமும், கட்டுப்பாடற்ற டெலிகேஷனும் (ஒரு சேர்வர் உங்கள் பெயரில் எந்தச் சேவையோடும் பேசுவது) அடியோடு நின்றுவிடும். கேட்டுக் கொடுத்தாலும் ஓடாது.

இவற்றைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்காதீர்கள், பதிவேட்டில் தேடுங்கள். கிரெடென்ஷியல் கார்டுக்கு "சும்மா கவனித்து மட்டும் சொல்" என்ற நிலை இல்லை. ஒன்று ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. அதனால்தான் முன்கூட்டியே பதிவேட்டைத் தோண்ட வேண்டியிருக்கிறது. சேர்வர்களிலும் டொமைன் கன்ட்ரோலரிலும் செக்யூரிட்டி பதிவேட்டின் 4624ஆம் நிகழ்வைப் பாருங்கள். அதன் அடியில் என்டிஎல்எம் எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்கும். வி1 என்று இருந்தால், எந்த மெஷினிலிருந்து, எந்தக் கணக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் தானாக வி2ஐத்தான் அனுப்புகிறது. எனவே வி1 தென்பட்டால், யாரோ ஒருவர் எப்போதோ ஒரு பழைய நாஸ் பெட்டிக்கோ (நெட்வொர்க் சேமிப்பு) ஸ்கேனருக்கோ வேண்டி லான் மேனேஜர் நிலையைக் கீழே இறக்கிவிட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் குரூப் பாலிசியைத் தேடிப் பிடியுங்கள்.

டெஸ்ஸுக்கு, டொமைன் கன்ட்ரோலரில் கெர்பரோஸ் சேவை டிக்கெட் தணிக்கையைப் போட்டு 4769ஆம் நிகழ்வைப் பாருங்கள். குறியாக்க வகை 0எக்ஸ்1 அல்லது 0எக்ஸ்3 என்று வந்தால் டெஸ். 0எக்ஸ்12 வந்தால் ஏஇஎஸ் 256, நிம்மதி. விண்டோஸ் 7 வந்த 2009லிருந்தே டெஸ் தானாக அணைந்திருப்பதால், நீங்கள் அதைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு.

டெலிகேஷன்தான் கவனிக்க வேண்டியது. தலைமை அலுவலகத்தில் செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவேடு), சம்பள அறிக்கை எல்லாம் பிரவுசரில் திறக்கும் ஒரு சேர்வர் இருக்கும். அது உங்கள் பெயரிலேயே பின்னாலிருக்கும் தரவுத்தள சேர்வரோடு பேசும். அந்த இரண்டாவது தாவலுக்காக, "எந்தச் சேவைக்கும் நம்பலாம்" என்று யாரோ குறித்து வைத்திருப்பார்கள். ஆக்டிவ் டைரக்டரியில் டெலிகேஷனுக்கு நம்பப்பட்ட கணினிகளையும் சேவைக் கணக்குகளையும் ஒரு தேடலில் எடுத்துவிடலாம். டொமைன் கன்ட்ரோலர்கள் எப்போதும் அந்தப் பட்டியலில் வரும், அவற்றை விட்டுவிட்டு மீதியைப் பாருங்கள். அங்கே ஏதாவது இருந்தால், அது குறிப்பிட்ட சேவைகளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்திய டெலிகேஷனுக்கு மாற வேண்டும். அது கொழும்பின் வேலை, நீங்கள் இங்கிருந்து செய்ய முடியாது. இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள், அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். அறிகுறி எப்படி இருக்கும் என்றால், பக்கம் திறக்கும், பெயர் காட்டும், ஆனால் அறிக்கையை அழுத்தினால் அனுமதி இல்லை என்று வரும், அல்லது வெறும் தாளாக நிற்கும்.

ஜாவாவில் எழுதிய மென்பொருள் ஏதாவது விண்டோஸின் கெர்பரோஸ் டிக்கெட்டைத் தானே எடுத்துப் பயன்படுத்துகிறதா என்றும் விற்றவரிடம் கேளுங்கள். டிக்கெட்டின் சாவியை வெளியே தர கார்டு சம்மதிக்காது. விர்ச்சுவல் மெஷின் வைத்து வேலை செய்பவர்கள் இருந்தால், விஎம்வேர் வர்க்ஸ்டேஷன் 15.5.5க்கு முந்தைய பதிப்பு இதோடு ஓடாது; புதிய பதிப்பு போட்டுக்கொள்ளலாம்.

ஒரு பெரிய குழப்பத்தைத் தவிர்க்கச் சொல்கிறேன். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் வேறு சில கதவுகளும் மூடப்பட்டன. கோப்புப் பகிர்வில் எஸ்எம்பி கையொப்பம் கட்டாயமானது, என்டிஎல்எம் முதல் பதிப்பே நீக்கப்பட்டது. பழைய நாஸ் பெட்டி திறக்காமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மேம்படுத்தலையும் கார்டையும் ஒரே வாரத்தில் செய்தால் எது எதைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் கார்டை வெளிப்படையாக அணைத்துவிட்டு 24எச்2 போடுங்கள். புகார்கள் ஓய்ந்ததும் கார்டைப் போடுங்கள்.

எல்எஸ்ஏ புரொடெக்ஷன் என்று இன்னொன்று உண்டு, அதையும் இதையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். அது எல்எஸ்ஏஎஸ்எஸ் புரோசஸுக்குள் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் இல்லாத கோப்புகள் ஏறாமல் தடுப்பது. பழைய கைரேகை மென்பொருள், ஸ்மார்ட் கார்டு இணைப்பு, சில ஆன்டிவைரஸ்கள் அங்கே மாட்டும். இதற்கு நல்ல காலமாகக் கவனிப்பு நிலை இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு கோட் இன்டெக்ரிட்டி பதிவேட்டில் 3065, 3066 எண்களைப் பார்த்தால், எந்தக் கோப்பு தடுக்கப்பட்டிருக்கும் என்று பெயரோடு வரும். கார்டுக்கு முன்பே இதைச் செய்து முடிப்பது நல்லது.

எந்த மெஷின்களைச் சோதனைக்கு எடுப்பது? வசதியாகப் பக்கத்தில் இருப்பவற்றை எடுத்தால் வசதியான பதில்தான் கிடைக்கும். உங்கள் லேப்டாப்பில் முதலில் போடுங்கள். பிறகு ஒரு தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் ஏற்றுகிற மெஷின், பெக்டரியில் கொழுந்து நிறுவைக் கணக்கு ஏறும் மெஷின், கொழும்புக்கும் பங்களாவுக்கும் அலைகிற தொரையின் லேப்டாப். அப்புறம் லைன் மோசமாக உள்ள ஒரு டிவிஷனின் மெஷின் ஒன்று கட்டாயம். மழை நாளில் லைன் அறுந்திருக்கும்போது நுழைய முடிகிறதா, திரும்ப வந்ததும் விபிஎன் பிடிக்கிறதா, பகிர்ந்த கோப்புகள் திறக்கின்றனவா என்று அங்கேதான் தெரியும். வயரைப் பிடுங்கிவிட்டே ஒரு முறை நுழைந்து பாருங்கள்.

காலம் பற்றி நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். செக்ரோலின் முதல் நாளிலிருந்து சம்பளம் போட்டு முடியும்வரை. தினசரி வேலை ஒரு வழியில் ஓடும், மாத முடிவு வேலை வேறு வழியில் ஓடும். இபிஎஃப்புக்குத் தொழிலாளியின் 8 வீதம், கம்பனியின் 12 வீதம், இடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் என்று கணக்குப் போட்டுக் கோப்பு உருவாக்கி அனுப்புகிற அந்த ஒரு திரையை மாதத்தில் ஒரு தடவைதான் திறப்பார்கள். அது பழைய சேர்வரோடு எந்த முறையில் பேசுகிறது என்று அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வரும். பத்தாம் திகதி சம்பளம் நின்றால் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) அடுப்பு எரிவது நிற்கும், கடைக் கணக்கு ஏறும். ஒரு வாரம் சோதித்தோம், பிரச்சினை இல்லை என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

போடும்போது, குரூப் பாலிசியில் சிஸ்டத்துக்குள் டிவைஸ் கார்ட் பகுதிக்குப் போய், வர்ச்சுவலைசேஷன் சார்ந்த பாதுகாப்பை இயக்கி, கிரெடென்ஷியல் கார்டுக்கு "எனேபிள்ட் விதவுட் லாக்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெஷினை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஷட் டவுன் போட்டு மறுநாள் திறப்பது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் முழுமையான மறுதொடக்கம் ஆகாது.

பூட்டு பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்தப் பூட்டு யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரிலேயே எழுதப்படுகிறது. பிறகு குரூப் பாலிசியை மாற்றினாலும் அணையாது. அணைக்க வேண்டுமானால் பூட் அமைப்பில் மைக்ரோசாஃப்டின் செக்கான்ஃபிக் கோப்பை ஏற்றி, மறுதொடக்கத்தில், விண்டோஸ் வருவதற்கு முன் திரையில் கேட்கும் கேள்விக்கு ஒருவர் நேரில் விசையை அழுத்தியாக வேண்டும். தூரத்திலிருந்து யாரும் அழுத்த முடியாது என்பதுதான் பூட்டின் பலம். கொழும்பில் ஒரே கட்டிடத்தில் இருப்பவர்களுக்கு அது மாடி ஏறி இறங்கும் வேலை. நமக்கு, தென்மேற்குப் பருவ மழையில் மண் சரிந்த பாதையில் தோட்டம் தோட்டமாகப் போகும் வேலை. இந்த வித்தியாசம் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து பாலிசி எழுதுபவருக்குத் தானாகத் தோன்றாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டிபிஎம்மை எந்தக் காரணத்துக்கும் அழிக்க விடாதீர்கள். அழித்தால் கார்டு காத்த ரகசியங்களின் சாவி போய்விடும், டொமைன் கன்ட்ரோலரோடு தொடர்பில்லாத இடத்தில் மீட்பது பெரும் பாடு. சேமித்த விபிஎன் அமைப்பே போய்விட்டால் டொமைனை அடைய வழியும் இருக்காது. டவுனில் லேப்டாப் திருத்தக் கொடுக்கும்போது இதை ஒரு தாளில் எழுதி மெஷினில் ஒட்டியே கொடுங்கள்.

கொழும்புக்கு எழுதும் பதிலில் மூன்று கேள்விகளைச் சேருங்கள். அந்தச் சம்பள சேர்வரில் டெலிகேஷன் எந்த வகை? வைஃபைக்கும் விபிஎன்னுக்கும் சர்ட்டிபிகேட் எப்போது வரும்? டொமைன் அட்மின் கணக்கால் தோட்டத்து மெஷின்களில் நுழைவதை நிறுத்தி, அந்த வேலைக்கு மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்று உங்களுக்குத் தருவார்களா? மூன்றாவதற்கு எந்த மென்பொருளோடும் ஒத்துப்போகும் பிரச்சினை கிடையாது. கார்டு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம்.